டிராயிங் முழுதாக வராமல் வேலையைத் தொடங்கலாமா?

கேள்வி: உச்சிப்புளியைச் சேர்ந்தவள் நான். ராமநாதபுரத்தில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் சிவில் இன்ஜினியராக இருக்கிறேன். மண்டபம் அருகே ஒரு விசைப்படகு உரிமையாளருக்கு, நாளொன்றுக்கு 30 டன் ஐஸ் பிளாண்ட்டும் ஒரு குளிர் அறையும் டிசைன் செய்து கட்டித்தர மொத்தத் தொகை பேசி வேலை எடுத்திருக்கிறோம். ஒப்பந்தத்தோடு இருப்பது இரண்டு பக்க ஸ்கெட்ச் மட்டும். ஆர்க்கிடெக்ட் மதுரையில், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் சென்னையில், மெஷின் கொடுப்பவர் கோவையில். மூவரோடும் பேசுவது என் பொறுப்பு. மீன்பிடித் தடைக்காலம் முடியும்போது பிளாண்ட் ஓட வேண்டும் என்கிற ஓனர், இப்போது மாடியில் அலுவலகமும் ஆட்கள் தங்க அறையும் கேட்கிறார். ஃபுட்டிங் (தூணுக்கு அடியில் வரும் அடித்தளம்) டிராயிங் மூன்று முறை மாறிவிட்டது. மெஷின் எடை வராமல் இனி டிராயிங் தர மாட்டேன் என்கிறார் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர். "தோண்டச் சொல்லும்மா, டிராயிங் பின்னால வரும்" என்கிறார் முதலாளி. யார் சொல்வதைக் கேட்பது? ஓனர் மாற்றுவதற்கெல்லாம் செலவு யாருடையது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் முதலாளி சொல்வதில் பாதி சரி. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் சொல்வதிலும் பாதி சரி. இரண்டு பாதியையும் ஒட்டவைப்பதுதான் உங்கள் வேலை. அதை யாரும் உங்களிடம் அப்படிச் சொல்லவில்லை என்பதுதான் இப்போதைய குழப்பம்.

டிசைனையும் கட்டுமானத்தையும் ஒரே ஆள் ஏற்பதில் ஓனருக்குக் கிடைக்கும் பெரிய லாபமே காலம். எல்லா டிராயிங்கும் முடியும்வரை காத்திருக்காமல், அடித்தளம் போட்டுக்கொண்டே கூரையை வரையலாம். அதனால் முழு டிராயிங் இல்லாமல் தொடங்குவது தவறில்லை. எந்தக் கான்கிரீட்டைப் போட்ட பிறகு எந்த முடிவை மாற்ற முடியாது என்று தெரியாமல் தொடங்குவதுதான் தவறு.

அதற்கு முன் முதலாளியிடம் ஒரு விஷயம் பேசுங்கள். வழக்கமான டெண்டரில் டிராயிங்கை ஓனர் தருகிறார். அதில் பிழை இருந்தால் திருத்தும் செலவைக் கேட்டு வாங்கலாம். இங்கே டிராயிங் உங்களுடையது. ஆர்க்கிடெக்ட் சறுக்கினாலும் ஓனர் கண்ணில் அது உங்கள் நிறுவனத்தின் சறுக்கல்தான். இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. உங்கள் ஆலோசகர்கள், தொழிலில் எதிர்பார்க்கப்படும் திறமையோடும் கவனத்தோடும் வரைந்து தருவதாகத்தான் பொதுவாக ஒப்புக்கொள்வார்கள். நீங்களோ "30 டன் ஐஸ்" என்று விளைவுக்கே கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். ஆலோசகர் ஒழுங்காகவே வேலை செய்து, பிளாண்ட் 24 டன்தான் தந்தது என்றால், நடுவில் விழும் 6 டன் உங்கள் முதலாளியின் தலையில். அவருடைய அவசரத்தை மட்டுப்படுத்த இந்த ஒரு கணக்குப் போதும் என்று நினைக்கிறேன்.

அதனால் முதல் வேலை ஃபுட்டிங் இல்லை. ஓனரோடு உட்கார்ந்து ஒரு தேவைத் தாள் எழுதுங்கள். ஒப்பந்தம் முடிந்த பிறகு எழுதினாலும் பரவாயில்லை, இருவரும் கையெழுத்திட்டால் சரி. 30 டன் என்றால் மெஷின் எத்தனை மணி நேரம் ஓடி? உள்ளே வரும் தண்ணீர் என்ன சூட்டில்? ஐஸ் பார் எத்தனை கிலோ? குளிர் அறை எத்தனை டிகிரி, அதில் எவ்வளவு மீன், எத்தனை நாளைக்கு?

பார் எடையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஐஸ் பிளாண்ட்டில் கட்டடத்தின் அளவையே தீர்மானிப்பது அதுதான். 50 கிலோ பார் என்றால் நாளுக்கு 600 பார். ஆனால் உப்புக் கரைசல் (பிரைன்) நிரப்பிய டாங்கில், தண்ணீர் ஊற்றி உறையவைக்கும் கேன் 600 இருந்தால் போதாமல் போகலாம். பத்து டிகிரி மைனஸில் இருக்கும் உப்புக் கரைசலில் ஒரு பார் உறைய, அதன் கனத்தைப் பொறுத்து, ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். உறையும் நேரம் பாரின் கனத்தைப் போல அல்ல, கனத்தின் வர்க்கத்தைப் போலக் கூடும். கனம் ஒன்றரை மடங்கானால் நேரம் இரண்டேகால் மடங்கு. ஓனர் நடுவழியில் "பெரிய பாராகப் போட்டுவிடலாமே" என்று சாதாரணமாகச் சொன்னால், கேன் மாறும், டாங்க் நீளும், மேலே ஓடும் கிரேனின் பாதை நீளும், தூண்களின் இடைவெளி மாறும், உங்கள் ஃபுட்டிங் நான்காவது முறை மாறும். மூன்று முறை மாறியதற்கும் இப்படி ஒரு காரணம் இருக்கலாம். ஆர்க்கிடெக்ட்டிடம் "ஏன் சார் மாற்றுகிறீர்கள்" என்று கேட்பதை விட்டு, ஒவ்வொரு மாற்றமும் யார் சொன்ன எந்தத் தகவலால் வந்தது என்று பின்னோக்கிப் போய்ப் பாருங்கள்.

இனி உங்கள் நேரடிக் கேள்விக்கு வருகிறேன். வேலையைத் துண்டுகளாகப் பிரியுங்கள்: மனை மட்டமும் பிளிந்த் (கட்டடத் தரை) மட்டமும், அடித்தளம், தூணும் கூரையும், சுவரும் குளிர் போகாமல் தடுக்கும் காப்பும், கடைசியாக மின்சாரம், தண்ணீர், குழாய். ஒவ்வொரு துண்டுக்கும் எதிரே, அதன் டிராயிங் சைட்டுக்குப் போக என்னென்ன பதில் வேண்டும், அதை யார், எந்தத் தேதிக்குள் தர வேண்டும் என்று எழுதுங்கள். டிராயிங் வரும் தேதியை எல்லோரும் எழுதுவார்கள். டிராயிங்குக்குத் தேவையான பதில் வரும் தேதியை யாரும் எழுதுவதில்லை. நீங்கள் துரத்த வேண்டியது அந்தப் பதில்களை.

கிழக்குக் கடற்கரையில் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். ஜூன் 15 கடலுக்குப் போகும் படகு அதற்கு முன்பே ஐஸ் ஏற்ற வேண்டும். அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். டாங்கில் கரைசல் நிரப்பிக் குளிரவைத்து ஓட்டிப் பார்க்க நாள் வேண்டும். அதற்கு முன் மெஷின் பொருத்த, அதற்கு முன் கோவையில் மெஷின் தயாராக. ஆர்டர் உறுதியானால்தான் அவர்கள் வேலையைத் தொடங்குவார்கள். உங்கள் ஓனர் ஆர்டரை உறுதிசெய்துவிட்டாரா? மெஷின் எடை வராததற்குக் காரணம் கோவைக்காரரின் சோம்பலாக இல்லாமல், முன்பணம் போகாததாகவும் இருக்கலாம். முதலில் அதை விசாரியுங்கள்.

அடித்தளத்துக்கு என்னென்ன தெரிய வேண்டும்? மண் பரிசோதனை, மழைக்காலத்தில் நிலத்தடி நீர் எங்கே நிற்கிறது, மாடி உண்டா இல்லையா, பிரைன் டாங்கின் இடம், கம்ப்ரசரின் இடம், குளிர் அறையின் தரை மட்டம். கடைசியாகச் சொன்னது பெரும்பாலும் மறந்துபோவது. குளிர் அறைத் தரைக்குக் கீழே கெட்டியான காப்புப் பலகை வரும், அதன்மேல் மறுபடி கான்கிரீட் வரும். அவ்வளவு ஆழத்துக்கு அந்த இடத்தின் ஸ்லாபை முதலிலேயே இறக்கிப் போட்டால்தான் தள்ளுவண்டி படியில் முட்டாமல் உள்ளே போகும். பிளிந்த் பெல்ட் போட்ட பிறகு இது நினைவுக்கு வந்தால், வாசலில் சரிவு கட்டி ஆயுளுக்கும் ஆட்கள் திட்டுவதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

மெஷின் எடை வரும்வரை என்ன செய்வது? ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் "எடை இல்லாமல் டிராயிங் கொடுங்கள்" என்று கேட்காதீர்கள். "எடை தெரியாத இடத்தை மட்டும் ஹோல்டு வைத்து மீதியைக் கொடுங்கள்" என்று கேளுங்கள். டிராயிங்கில் அந்த இடத்தைச் சுற்றி மேகக் கோடு போட்டு "ஹோல்டு" என்று எழுதி வெளியிடுவது எங்கும் உள்ள வழக்கம். கம்ப்ரசரின் அதிர்வு கட்டடத்துக்குப் போகாமலிருக்க அதன் அடித்தளம் தனியாகத்தான் நிற்கப் போகிறது. அதனால் அதை ஹோல்டில் வைத்தாலும் சுற்றுத் தூண்களின் வேலை நிற்காது. டாங்குக்கு ஒரு தற்காலிக எண் கொடுக்கலாம். ஒன்றேகால் மீட்டர் உயரக் கரைசல் என்றால் சதுர மீட்டருக்குக் கிட்டத்தட்ட ஒன்றரை டன், அதோடு டாங்கின் சொந்த எடை, கொஞ்சம் கூடுதல். இது அனுமானம் என்று டிராயிங்கிலேயே எழுதச் சொல்லுங்கள். உண்மையான எண் வந்ததும் அனுமானத்துக்குள் அடங்குகிறதா என்று அவர் ஒரு வரியில் உறுதி செய்ய வேண்டும். இந்த ஏற்பாட்டுக்கு ஒத்துக்கொள்ளாத ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை நான் அதிகம் பார்த்ததில்லை. கையெழுத்துப் போட்டால் பழி தன்மேல் மட்டும் விழுமோ என்பதுதான் அவர்களுடைய பயம்.

மாடி விஷயத்தை ஹோல்டில் வைக்க முடியாது. ஃபுட்டிங் போட்ட பிறகு மாடி முடிவானால் தூணைச் சுற்றி ஜாக்கெட் போட்டு வலுப்படுத்த வேண்டியிருக்கும், அது வீண் செலவு. ஓனரிடம் இரண்டு விலை கொடுங்கள்: மாடி இப்போதே, அல்லது பின்னால் மாடி கட்டும் அளவுக்கு ஃபுட்டிங்கும் தூணும் மட்டும் இப்போது. பதிலுக்கு ஒரு தேதி சொல்லுங்கள். கூடவே ஒன்று: கடலோர ஒழுங்குமுறை மண்டல அனுமதிக்கு விண்ணப்பித்த பிளானில் மாடி இருந்ததா? 2011 அறிவிக்கை, உள்ளூர் மீனவ சமூகத்துக்குத் தேவையான வசதிகள் என்ற பட்டியலில் ஐஸ் பிளாண்ட்டையும் சேர்த்திருக்கிறது. அதை வைத்து "நமக்கு அனுமதி உண்டு" என்று ஓனர்கள் சொல்லிவிடுகிறார்கள். பட்டியலில் இருப்பது வேறு, உங்கள் மனைக்கு, உங்கள் பிளானுக்கு அனுமதி கிடைப்பது வேறு. தனியார் பிளாண்ட் அந்தப் பட்டியலில் அடங்குமா, ஆட்கள் தங்கும் அறை அடங்குமா என்பதையெல்லாம் மாவட்டக் கடலோர மண்டலக் குழுவில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். விண்ணப்பம் போன நாளிலிருந்து டிசைனின் சில பகுதிகள் உறைந்துவிட்டன என்று அர்த்தம். அதைத் தொடும் மாற்றம் எதுவானாலும் செலவோடு மாதங்களையும் சேர்த்துக் கேட்கும்.

உப்பைப் பற்றி உங்களுக்குச் சொல்லவே வேண்டாம், அந்தக் காற்றில் வளர்ந்தவர். காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகம் மண்டபத்தில் ஒரு பிரிவு வைத்து உலோக அரிப்பை ஆராய்ந்தது சும்மா இல்லை. கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456, கடலோரக் காற்றுப் படும் கான்கிரீட்டைக் 'கடுமை' வகையிலும், கடல்நீர்த் தெளிப்புப் படுவதை 'மிகக் கடுமை' வகையிலும் வைக்கிறது. முதல் வகைக்குக் கான்கிரீட்டின் வலிமைத் தரம் குறைந்தது எம் 30, கவர் (கம்பியை மூடி நிற்கும் கான்கிரீட்டின் கனம்) 45 மில்லிமீட்டர். இரண்டாவதற்கு எம் 35, கவர் 50. உங்கள் மனை எந்த வகை என்று ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் சென்னையில் உட்கார்ந்து முடிவு செய்யக் கூடாது, ஒருமுறை வந்து பார்க்கட்டும். ஆனால் எல்லோரும் கடலையே பார்த்துக்கொண்டிருக்கும்போது கட்டடத்துக்குள் இருக்கும் உப்பை மறந்துவிடுகிறார்கள். பிரைன் டாங்கில் இருப்பதும் குளோரைடுதான். கேனைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் அது தரையிலும் தூணின் அடியிலும் சொட்டும். கடல் பக்கச் சுவரைவிட டாங்க் ஹாலின் உள் தூண்கள் சீக்கிரம் வெடிக்க வாய்ப்புண்டு. அங்கேயும் 'மிகக் கடுமை' என்றே வைத்து, பூச்சும் தரைச் சரிவும் வடிகாலும் சேர்த்து வரையச் சொல்லுங்கள்.

கவரைக் கடைசியில் கூட்டிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கவர் கூடினால் தூண் அளவு கூடும், கம்பி வளைக்கும் அளவு மாறும், செண்டரிங் பலகை மாறும். அது டிசைனின் முதல் நாள் முடிவு. புதிய பாம்பன் ரயில் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் சிறப்புப் பூச்சும் முழுக்கப் பற்றவைத்த இணைப்புகளும் வந்தது அப்படி முன்கூட்டி முடிவெடுத்ததால்தான். அதே பாலம் இன்னொன்றையும் காட்டியது. 2025 ஏப்ரல் 6 அன்று திறப்பதற்கு முந்தைய நவம்பரில், ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் அறிக்கை வடிவமைப்பு சரிபார்க்கப்பட்ட நடைமுறையைக் கேள்வி கேட்டது. ஐ.ஐ.டி.க்கள் சரிபார்த்ததைச் சொல்லி ரயில்வே பதில் தந்தது. அவ்வளவு பெரிய வேலையிலேயே பாலம் எழுந்து நின்ற பிறகு "இந்த டிசைனை யார், எந்த வரிசையில் பார்த்தார்கள்" என்ற கேள்வி வருகிறது. உங்கள் ஐஸ் பிளாண்ட்டில் வராதா?

தண்ணீரையும் டிசைன் விஷயமாகவே எடுங்கள். 30 டன் ஐஸுக்கே நாளுக்கு 30 ஆயிரம் லிட்டருக்கு மேல் வேண்டும், மெஷினின் சூட்டை வெளியேற்றும் கண்டன்சரில் ஆவியாகிப் போவது தனி. உங்கள் பக்கத்தில் மேலாக ஊற்றுத் தோண்டினால் நல்ல தண்ணீர், ஆழமாக போர் போட்டால் உப்பு. ஆர்.ஓ. வைத்தால் உள்ளே போவதில் கணிசமான பங்கு கழிவாக வெளியே வரும். அது எங்கே போகும் என்று லேஅவுட்டில் இடம் இருக்கிறதா? கான்கிரீட் கலக்கும் தண்ணீரையும் சோதித்துவிடுங்கள். கம்பி உள்ள கான்கிரீட்டுக்குக் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. வெளியில் உப்பைத் தடுக்க இவ்வளவு செலவழித்துவிட்டு உள்ளே நாமே ஊற்றக் கூடாது. அம்மோனியா மெஷின் என்றால் அந்த அறையில் செம்பு, பித்தளை பொருட்களை எங்கே தவிர்க்க வேண்டும் என்று மின்சாரக்காரருக்குக் கோவைக்காரர் எழுதித் தர வேண்டும். அம்மோனியா செம்பை அரிக்கும்.

யார் சொல்வதைக் கேட்பது என்றீர்கள். எல்லோரும் சொல்வதைக் கேளுங்கள், எழுத்தில் வந்ததை மட்டும் கட்டுங்கள். வாரம் ஒரு நாள், ஒரே நேரம், மூன்று ஊர்க்காரர்களையும் ஒரே அழைப்பில் சேருங்கள். அரை மணி நேரம் போதும். வராத பதில்கள் என்னென்ன, யாரிடம் நிற்கின்றன, இவ்வளவுதான் பேச்சு. அன்று மாலையே அதை எழுதி எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள். வாட்ஸ்அப் இல்லாமல் இன்று வேலை நடக்காது, ஆனால் டிராயிங்குக்கு அது ஆகாது. பழைய ரிவிஷனை யாராவது ஃபார்வர்டு செய்வார்கள், மேஸ்திரி அதைப் பார்த்துக் கம்பி கட்டுவார். டிராயிங் பதிவேடு ஒன்று உங்கள் கையில் மட்டும் இருக்கட்டும். எண், ரிவிஷன், தேதி, சைட்டுக்குப் போனது எப்போது என்று அதில் எழுதுங்கள். "கட்டுமானத்துக்கு" என்று உங்கள் முத்திரை இல்லாத தாளில் வேலை செய்யக் கூடாது. புதியது போகும்போது பழைய தாளைக் கையோடு திரும்ப வாங்குங்கள்.

ஓனர் பார்த்து ஒப்புக்கொள்ள ஒரு கெடு வையுங்கள். பன்னாட்டு வேலைகளில் புழங்கும் மாதிரி ஒப்பந்தமான ஃபிடிக் மஞ்சள் புத்தகத்தின் 1999 பதிப்பில் பரிசீலனைக்கு 21 நாள் வரை உண்டு. கெடு தாண்டினால் ஒப்புதல் கிடைத்ததாகவே கொள்ளப்படும். உங்கள் அளவு வேலைக்கு ஐந்து வேலை நாள் தாராளம். ஆனால் ஓனர் சரி என்று சொன்னதால் டிசைன் பொறுப்பு அவருக்குப் போய்விடாது. அவர் வாசலையும் அறையையும் பார்ப்பார், கம்பியைப் பார்க்க மாட்டார்.

மாற்றங்களின் செலவு: தேவைத் தாளில் இருப்பதை நிறைவேற்ற உங்கள் டிசைன் மாறினால் செலவு உங்களுடையது. தேவைத் தாளே மாறினால் செலவு ஓனருடையது. இரண்டு பக்க ஸ்கெட்ச்சை மட்டும் வைத்துக்கொண்டு இந்தக் கோட்டைப் போட முடியாது, அதனால்தான் முதலில் தாளை எழுதச் சொன்னேன். மாற்றம் கேட்கும் ஒவ்வொரு முறையும் என்ன மாற்றம், எவ்வளவு பணம், எத்தனை நாள் என்று மூன்றே வரி எழுதி, கையெழுத்து வாங்கிய பிறகுதான் ஆர்க்கிடெக்ட் கை வைக்க வேண்டும். ஓனர் ஆர்க்கிடெக்ட்டை நேரே அழைத்துப் பேசுவதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். பேசியது உங்கள் வழியாக வராமல் டிராயிங்கில் ஏறாது என்று ஆர்க்கிடெக்ட்டிடம் சொல்லி வையுங்கள்.

அப்புறம், லேஅவுட்டை முடிவு செய்யும் முன் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு ஐஸ் கம்பெனியில் பார் இறக்குபவரையும் வண்டி ஓட்டுபவரையும் வைத்து ஒருமுறை பிளானைப் பார்க்கச் சொல்லுங்கள். கச்சான் காற்றில் எந்தப் பக்கக் கதவைத் திறக்க முடியாது, ஐஸ் உடைக்கும் மெஷினுக்கும் வண்டிக்கும் நடுவே எவ்வளவு இடம் வேண்டும் என்பது மதுரையில் தெரியாது.

முதலாளியிடம் "முடியாது" என்று போய் நிற்காதீர்கள். "நாளைக்கே மனை மட்டம் போடலாம், வெளித் தூண் ஃபுட்டிங் தோண்டலாம். டாங்குக்கும் கம்ப்ரசருக்கும் கோவையிலிருந்து பதில் வேண்டும், மாடிக்கு ஓனரிடமிருந்து பதில் வேண்டும், அது வரும்வரை கான்கிரீட் மட்டும் போட வேண்டாம்" என்று சொல்லுங்கள். வேலை நகர்கிறது என்று தெரிந்தால் அவர் சத்தம் குறையும். கோவைக்கு அவரையே ஒரு போன் போடச் சொல்லுங்கள், நீங்கள் பத்து முறை அழைப்பதைவிட அது பலிக்கும்.

கோவையிலிருந்து தாள் வந்ததும் டாங்கின் வெற்று எடை, நிரப்பிய எடை இரண்டும் தனித்தனியே இருக்கின்றனவா, கம்ப்ரசருக்கு எடையோடு சுழல் வேகமும் போல்ட்டுகளின் இடமும் கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். ஒன்று குறைந்தாலும் சென்னைக்கு அனுப்பாமல் கோவைக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள்.